ஓய்வுகாலப் பணம்: தங்கமா, சுரங்கமா?

களனியிலோ பேலியகொடையிலோ உள்ள தொழிற்சாலை ஒன்றில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு, கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கும் தமது வீட்டுக்கு ஒருநாள் மாலை நிரந்தரமாகத் திரும்பிவரும் ஒருவருக்கு மாதாந்த ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. அது அரச ஊழியருக்கு உரியது. தனியார்துறையில் உழைத்தவருக்குக் கிடைப்பது 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் சேமலாப நிதியமும், 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் வழங்கும் மொத்தத் தொகையே ஆகும். ஊழியர் தமது சம்பளத்தில் 8 சதவீதமும், தொழில்தருநர் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 சதவீதமுமாக மாதந்தோறும் சேர்ந்த பணம் அது. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் சேமலாப நிதியப் பணத்தைப் பெற உரித்துடையவர்கள். இந்தப் பணம் வாழ்நாளில் ஒரு தடவைதான் வரும். பிழையான இடத்தில் போட்டு இழந்தால் மீண்டும் உழைத்துச் சேர்ப்பதற்கு வயது இடங்கொடாது.

பணம் கைக்கு வரும் செய்தி எப்படித்தான் பரவுகின்றதோ தெரியாது. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர்வதற்கு முன்னரே ஆலோசகர்கள் வாசலுக்கு வந்துவிடுகின்றனர். முன்னர் அவர்களிடம் இரண்டே ஆலோசனைகள் இருந்தன. ஒன்று காணி, மற்றையது தங்கம். இப்பொழுது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கின்றது. மின்சாரக் கார்களுக்கு வேண்டிய மின்கலங்கள், கணினிச் சில்லுகள், காற்றாலைகள் என உலகம் மாறிவருகின்றது. அவற்றுக்கு வேண்டிய காரீயம், கோபால்ட், லித்தியம், தைத்தேனியம் ஆகிய கனிமங்களைப் புதிய முறையில் எடுக்கும் கம்பனிகளில் முதலிட்டால் தங்கத்தைக் காட்டிலும் பன்மடங்கு ஆதாயம் கிடைக்கும் என்பதே அந்த ஆலோசனை. இலங்கையின் மண்ணுக்கடியிலேயே இவற்றுள் சில இருப்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு கவர்ச்சியும் உண்டு.

தங்கமும் சுரங்கத் தொழில்நுட்பமும் ஒரே தராசில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல என்பது எமது கருத்து. தங்கம் என்பது இருப்பு. சுரங்கக் கம்பனியின் பங்கு என்பது இன்னும் தோண்டப்படாத ஒன்றின்மீது வைக்கும் பந்தயம். ஆனால் ஓய்வு பெற்றவருக்கு முதலில் வேண்டியது மாதம் முதலாம் திகதி அரிசிக்கும் மருந்துக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் ஒரு தொகை. இவ்விரண்டில் எதுவும் அதைத் தருவதில்லை. ஆகவே எது கூடுதலாக ஏறும் என்று கேட்பதற்கு முன்னர் எதை எதற்காக வைத்திருக்கின்றோம் என்று கேட்பதே முறை.

முதலில் தங்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டுத் தமிழரும் முஸ்லிம்களும் தங்கத்தின்மீது வைத்திருக்கும் நம்பிக்கையை வெறும் நகை மோகம் என்று தள்ளிவிடுவோர் எமது வரலாற்றை அறியாதவர்கள். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது காணி உறுதியும் தளபாடமும் கடையும் போயின. இடுப்பில் முடிந்துகொண்டு அகதிமுகாமுக்கு ஓடக்கூடியதாக இருந்தது தங்கம் ஒன்றுதான். முகாமிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய குடும்பங்கள் பல, அங்கே வாழ்வைத் தொடங்கியது தாயின் தாலிக்கொடியையும் காப்பையும் விற்ற பணத்தில்தான். ஆனால் அதே தங்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். கையிலும் கழுத்திலும் கிடந்த நகைகள் வழியிலேயே பறிக்கப்பட்டன. சிறுபிள்ளைகளின் காதணிகளும் தப்பவில்லை. எடுத்துச் செல்லக்கூடிய சொத்து எதுவோ அதுவே எளிதில் பறிக்கக்கூடிய சொத்தாகவும் இருக்கின்றது. யுத்தத்தின் இறுதிக்காலத்தில் வன்னியில் மக்கள் அடகு வைத்த நகைகளின் கதையும் இவ்வகையைச் சேர்ந்ததுதான். இராணுவத்தினரால் மீட்கப்பட்ட தங்கத்தின் ஒரு தொகுதி பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது 2025 மே மாதத்தில். யுத்தம் முடிந்து பதினாறு ஆண்டுகள் கழித்து. எந்தச் சங்கிலி எந்தத் தாயினுடையது என்று காட்டுவதற்கு எத்தனை பேரிடம் பற்றுச்சீட்டு எஞ்சியிருக்கும்?

சமாதான காலத்திலும் தங்கம் இந்நாட்டில் ஒரு வேலையைச் செய்கின்றது. அது ரூபாவின் வீழ்ச்சியிலிருந்து சாதாரண மனிதருக்குக் கிடைக்கும் காப்பு. தங்கத்தின் விலை உலகில் டொலரில் தீர்மானிக்கப்படுகின்றது. வெளிநாட்டு நாணயக் கணக்கு வைத்திருக்க வழியில்லாத ஒருவர் ஒரு பவுண் நாணயத்தை வாங்கி அலுமாரியில் வைக்கும்போது உண்மையில் அவர் டொலரைத்தான் வாங்கி வைக்கின்றார். 2022 இல் இது வெளிச்சமாயிற்று. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 203 ரூபா அளவில் கட்டிப்போட்டிருந்த டொலர், கட்டு அவிழ்க்கப்பட்டதும் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதியம் வழங்கிய வட்டியோ 9 சதவீதம். மறு ஆண்டில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் கீழ் அந்த நிதியத்திடமிருந்த திறைசேரி முறிகள் 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கியில் வைப்பிலிட்டிருந்தவரும் சேமலாப நிதியத்தை நம்பியிருந்தவரும் தமது சேமிப்பின் கொள்வனவு வலுவில் பெரும்பகுதியை இழந்தபோது, பத்துப் பவுண் வைத்திருந்தவரின் கையில் அதே பத்துப் பவுண் இருந்தது. செட்டியார் தெருவின் நியாயத்தை அந்த ஒரு வருடம் நிறுவிவிட்டது எனலாம்.

ஆனால் அந்த ஒரு வருடத்தை மாத்திரம் பார்த்து முழுச் சேமிப்பையும் தங்கமாக்கிவிடுவது ஆபத்தானது. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 850 டொலரைத் தொட்டது. அன்று வாங்கியவர் போட்ட டொலரையேனும் திரும்பக் காண்பதற்கு 2008 ஜனவரி வரை, அதாவது 28 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் 1999 இல் விலை சுமார் 250 டொலருக்கு இறங்கியிருந்தது. அந்தக் காலப்பகுதியில் ரூபாவும் வீழ்ந்ததால் இலங்கையர் இதை உணரவில்லை. டொலர் 16 ரூபா அளவிலிருந்து 70 ரூபாவுக்கு ஏறியமையால் ரூபாக் கணக்கில் தங்கத்தின் விலை சற்று உயர்ந்தே காணப்பட்டது. ஆனால் அரிசி, பாண், பஸ் கட்டணம் எல்லாம் பன்மடங்கு உயர்ந்திருந்தன. கணக்கில் நட்டம் தெரியாது; சமையலறையில் தெரியும்.

இன்னொன்று, அடகு. 2011 செப்டெம்பரில் தங்கம் 1,900 டொலரை அண்மித்தது. அக்காலத்தில் எமது வங்கிகள் போட்டிபோட்டுக்கொண்டு நகைக்குக் கடன் கொடுத்தன. 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் அவுன்ஸ் விலை 200 டொலர் அளவில் சரிந்தது. அடகு வைத்த நகையின் பெறுமதி பெற்ற கடனுக்கும் வட்டிக்கும் கீழே போனதால் பலர் நகையை மீட்கவே வரவில்லை. வங்கிகள் பெருநட்டங் கண்டன. மத்திய வங்கி 2014 இல் அடகுக் கடன்களுக்கென ஒரு கடன் உத்தரவாதத் திட்டத்தையே கொண்டுவர நேர்ந்தது. வங்கிக்கு உத்தரவாதம் கிடைத்தது. ஏலத்தில் போன பரம்பரை நகைக்கு எவரும் உத்தரவாதம் தரவில்லை. 2022 இல் ஏறிய விலையும் ஏறியபடியே நின்றதில்லை. 2023 பெப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் உலகச் சந்தையில் தங்கம் ஏறியிருந்தும், ரூபா வலுப்பெற்றமையால் இங்கே பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியது. பின்னர் 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது வேறு கதை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குச் சேமலாப நிதியத்திலிருந்து 50 இலட்சம் ரூபா கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபா என்றால் 8 கிராம் கொண்ட 24 கரட் பவுண் ஒன்றின் உலோகப் பெறுமதி ஏறத்தாழ 3,08,600 ரூபா. 22 கரட் என்றால் 2,83,000 ரூபா அளவு. வரியும் செய்கூலியும் சேதாரமும் இதற்குப் புறம்பு. அவற்றை விட்டுவிட்டாலும் 50 இலட்சத்துக்குக் கிடைப்பது பதினேழரைப் பவுண் சொச்சம். மாதச் செலவு 50,000 ரூபா என்றால் வருடத்துக்கு இரண்டு பவுணுக்கு மேல் விற்கவேண்டும். எட்டரை ஆண்டுகளில் பெட்டகம் வெறுமையாகிவிடும். தங்கத்தின் விலை ஏறும்தானே என்று கேட்கலாம். விலைவாசியோடு ஒத்து ஏறினால் செலவும் அதே அளவு ஏறும். எட்டரை ஆண்டு எட்டரை ஆண்டாகவே இருக்கும். 60 வயதில் தொடங்கியவர் 69 வயதில் பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டும். ஆபரணமாக வாங்கியவருக்கு இந்தக் காலம் இன்னும் குறையும். கல்லும் மெழுகும் செய்கூலியும் விற்கும்போது திரும்ப வருவதில்லை என்பதைச் செட்டியார் தெருவில் ஒரு தடவையேனும் நகை விற்றவர்கள் அறிவார்கள். சேமிப்புக்காக வாங்குவதாயின் நாணயமோ கட்டியோ வாங்குவதும், பற்றுச்சீட்டில் நிறையும் கரட்டும் தெளிவாக எழுதச்சொல்வதும், ஐயமிருந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துக்கொள்வதும் அவசியம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இதில் மேலும் சில கவனங்கள் உண்டு. தங்கத்தைக் கைக்குக் கை மாற்றியே வாங்கவேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் பெரும்பான்மைக் கருத்து. தவணைமுறையில் தங்கம் சேர்க்கும் திட்டங்களும், கையில் தராமல் தாளில் மட்டும் எழுதித் தரும் திட்டங்களும் இந்நிபந்தனைக்குள் அடங்குமா என்று கேட்டறிய வேண்டும். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான நியமங்களை வகுக்கும் பஹ்ரைன் அமைப்பு, தங்கத்துக்கெனத் தனியாக 57 ஆம் இலக்க நியமத்தை 2016 இல் வெளியிட்டிருக்கின்றது. ஸகாத்தைப் பொறுத்தவரை 85 கிராம், அதாவது ஏறத்தாழ பத்தரைப் பவுண், நிஸாபாகக் கொள்ளப்படுகின்றது. அந்த அளவை எட்டிய நாணயமோ கட்டியோ ஒரு சந்திர வருடம் கையிலிருந்தால் இரண்டரை சதவீதம் கொடுக்கவேண்டும். அணியும் ஆபரணத்துக்கு ஷாபிஈ மத்ஹபில் விலக்குண்டு. ஹனபி மத்ஹபில் இல்லை. மேலே சொன்ன பதினேழரைப் பவுணுக்கு வருடாந்த ஸகாத் மூன்றரை கிராம் அளவில் வரும். பணமாக வைத்திருந்தாலும் ஸகாத் உண்டு என்பதால் இது தங்கத்துக்கு எதிரான வாதமல்ல. ஆயினும் வருமானம் தராத சொத்திலிருந்து கொடுக்கும்போது சொத்திலேயே கிள்ளிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். வட்டியுள்ள அடகு வேண்டாம் என்போர் அவசரத்துக்குத் தங்கத்தை விற்கத்தான் வேண்டும் என்பதும் கவனத்துக்குரியது.

இனிச் சுரங்கத்துக்கு வருவோம். புதிய தொழில்நுட்பம் பொய் என்று நாம் சொல்லவரவில்லை. தங்கத்தின் வரலாற்றிலேயே அது மெய்யானதற்குச் சிறந்த சான்று உண்டு. 1880களின் இறுதியில் தென்னாபிரிக்காவின் ஜொஹனஸ்பேர்க் சுரங்கங்கள் ஆழமாகச் சென்றபோது, கந்தகத்தோடு கலந்த பாறையிலிருந்து பழைய பாதரச முறையில் தங்கத்தைப் பிரிக்க முடியாமற் போயிற்று. பங்குவிலைகள் சரிந்தன. அந்நிலையில் கைகொடுத்தது, ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்ஆதர் என்ற இரசாயனவியலாளரும் பொரெஸ்ட் சகோதரர்களான இரு மருத்துவர்களும் 1887 இல் கண்டுபிடித்த சயனைட் முறை. கைவிடப்படவிருந்த சுரங்கங்கள் மீண்டும் உயிர்பெற்றன. உலகத் தங்க உற்பத்தி பெருகியது. ஆனால் 1896 இல் திரான்ஸ்வால் நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது எனத் தீர்த்தது. தொழில்நுட்பம் வென்றது, அதை விற்ற கம்பனிக்கு அங்கே கிடைத்துவந்த உரிமைப் பணம் நின்றது. கண்டுபிடிப்பு சரியாக இருப்பதும் அதில் பணம் போட்டவர் பிழைப்பதும் இரு வேறு சங்கதிகள்.

அதே சயனைட் முறை தமிழரின் வாழ்விலும் புகுந்தது. 1880 இல் ஜோன் டெய்லர் கம்பனி கோலாரில் தங்கச்சுரங்கத்தைத் தொடங்கியபோது அதனுள் இறங்கியவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். ஆரம்பத்தில் ஒரு தொன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கியது. மூன்று கிலோமீற்றருக்கு மேல் ஆழம் போய், 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 தொன் தங்கத்தை வெளியே அனுப்பிய அந்தச் சுரங்கம் 2001 பெப்ரவரி 28 ஆம் திகதி மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தங்கம் எடுத்தவர்களின் குடும்பங்கள் அதன்பின் அதிகாலையில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிவேலைக்குப் போய்வரலாயின. தங்கவயலில் எஞ்சி நிற்பவை சயனைட் மண்மேடுகள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் கழிவிலிருந்து புதிய முறையில் மீண்டும் தங்கம் எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 இல் இணக்கம் தெரிவித்தது. மூடப்பட்டு இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது அனுமதி அளவுக்குத்தான் வந்திருந்தது. 60 வயதுக்காரரின் முதலீடு இருபத்துமூன்று ஆண்டு பொறுக்குமா?

மோசடியும் உண்டு. கனடாவின் ப்ரீ-எக்ஸ் என்ற கம்பனி 1993 இல் இந்தோனேசியாவின் போர்னியோக் காட்டில் ஒரு நிலத்தை வாங்கி, அங்கே உலகின் மிகப்பெரும் தங்கப் படிவம் இருப்பதாக அறிவித்தது. சில சதங்களுக்குக் கைமாறிய பங்கு 280 கனேடிய டொலருக்கு மேல் ஏறியது. கம்பனியின் சந்தைப் பெறுமதி 6 பில்லியன் டொலர். 1997 இல் சுதந்திரமான பரிசோதகர்கள் மீண்டும் துளையிட்டுப் பார்த்தபோது அங்கே தங்கம் இல்லை. பாறை மாதிரிகளில் ஆற்றுத் தங்கத்தூளைக் கலந்திருந்தனர். எமது பொருளுக்கு முக்கியமானது பணம் இழந்தோர் பட்டியல். ஒன்ராறியோ மாநகர ஊழியர் ஓய்வூதிய நிதியம் 45 மில்லியன், கியூபெக் அரச ஊழியர் ஓய்வூதிய நிதியம் 70 மில்லியன், ஒன்ராறியோ ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் 100 மில்லியன் டொலர். சம்பளத்துக்கு நிபுணர்களை வைத்திருந்த நிதியங்களே ஏமாந்தன. கொட்டாஞ்சேனையில் ஒரு துண்டுப்பிரசுரத்தை வாசித்துவிட்டுத் தீர்மானிப்பவர் எம்மாத்திரம்?

மோசடி இல்லாத இடத்திலும் பணம் போகும். கடலடியில் கனிமம் எடுப்பதே அடுத்த யுகம் என்ற நம்பிக்கையோடு நோட்டிலஸ் மினரல்ஸ் என்ற கனேடியக் கம்பனி பப்புவா நியூகினியின் பிஸ்மார்க் கடலில் 1,600 மீற்றர் ஆழத்திலுள்ள செம்பையும் தங்கத்தையும் எடுக்க 2011 இல் உரிமம் பெற்றது. இராட்சத இயந்திரங்கள் உண்மையாகவே செய்யப்பட்டன. கனிமமும் உண்மையாகவே அங்கிருந்தது. ஆனால் ஒரு தொன்னும் வணிகரீதியில் மேலே வருமுன் 2019 இல் கம்பனி முறிந்தது. 15 சதவீதப் பங்கு வாங்கியிருந்த பப்புவா நியூகினி அரசாங்கம் இழந்தது ஏறத்தாழ 120 மில்லியன் அமெரிக்க டொலர். இன்று எமது கடலுக்குத் தெற்கே அபனாசி நிகிற்றின் கடல்மலையின் கோபால்ட் படிவுகளை ஆராய இந்தியா 2024 ஜனவரியில் சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையிடம் விண்ணப்பித்திருப்பதையும், 2009 இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சமர்ப்பித்த கண்டமேடை உரிமைக்கோரிக்கை அப்பகுதியையும் உள்ளடக்குவதையும் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். அது அரசுகளுக்கிடையிலான விவகாரம். தனிமனிதரின் சேமிப்பை அதன் பெயரால் எவரேனும் கேட்டால் ஐயுறுவதே அறிவுடைமை.

உள்நாட்டில் நிலைமை என்ன? இலங்கையின் காரீயம் நரம்புப் படிவாகக் கிடைப்பது. தூய்மையில் உலகப் புகழ்பெற்றது. போகலையும் கஹட்டகஹவும் இன்றும் இயங்கும் சுரங்கங்கள். முதலாம் உலகப் போரின்போது, 1916 இல், 33,000 தொன் அளவில் ஏற்றுமதியான இந்தக் கனிமம், போர் முடிந்து மடகஸ்காரின் மலிவான காரீயம் சந்தைக்கு வந்ததும் நொடித்தது. 2004 இல் கிராபீன் என்ற புதுப்பொருள் காரீயத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2010 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்த பிறகு வெளிநாட்டுச் சிறு கம்பனிகள் சில எமது பழைய சுரங்கங்களைத் தேடிவந்தன. ஆனால் உலகக் காரீய உற்பத்தியில் முக்காற் பங்கு அளவு சீனாவினுடையது. விலையைத் தீர்மானிப்பதும் அதுவே. 2023 டிசெம்பரில் சீனா காரீய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது உலகமே பதறியது. பீஜிங்கில் எடுக்கும் ஒரு தீர்மானம் தொடங்கொஸ்லந்தைச் சுரங்கத்தின் இலாபத்தை மாற்றிவிடும். கொழும்புப் பங்குச் சந்தையில் காரீயக் கம்பனியொன்றின் பங்கை எவரும் சட்டப்படி வாங்கலாம். அது வெளிப்படையான கணக்கறிக்கை உள்ள தொழில். இழந்தாலும் பொறுக்கக்கூடிய சிறு பகுதியை அதில் இடுவோரை நாம் குறைகூறவில்லை.

கனியமணல் விடயம் வேறு. புல்மோட்டையில் 1957 இல் அமைக்கப்பட்ட அரச கூட்டுத்தாபனத்தின் வழிவந்த இலங்கை கனியமணல் கம்பனி இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் ஆகியவற்றை எடுக்கின்றது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. மன்னார்த் தீவில் அவுஸ்திரேலியக் கம்பனியொன்று இல்மனைட் ஆராய்ச்சி நடத்திவந்திருக்கின்றது. அக்கம்பனியின் பங்குகளை வாங்குவோர் சிட்னியிலும் பேர்த்திலும் இருக்கின்றனர். மணல் இருப்பது மன்னார்த் தமிழரும் முஸ்லிம்களும் குடியிருக்கும் காணிகளுக்கும் பனங்கூடல்களுக்கும் கீழே. கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தீவில் மணலை அள்ளினால் நன்னீர்க் கிணறுகளுக்கு என்ன நேரும் என்பதே அங்குள்ளோரின் கேள்வி. 2025 ஓகஸ்டில் காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னாரில் தொடர் போராட்டம் நடந்ததை நாடே கண்டது. முதலீட்டாளரின் கோணத்தில் மட்டும் பார்த்தாலும் இது ஆபத்துத்தான். எப்பாவலைப் பொஸ்பேற் படிவை அமெரிக்கக் கம்பனிக்குக் கையளிக்கும் திட்டத்தை அவ்வூர் விவசாயிகள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டில் நிறுத்தியதை நினைவூட்டலாம். ஆனால் எமது வாசகரைப் பொறுத்தவரை கேள்வி அதோடு முடியவில்லை. தம் ஓய்வுகாலப் பணம் எவருடைய கிணற்றின்மீது வைக்கப்படுகின்றது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியாயின் என்னதான் செய்வது? சேமலாப நிதியப் பணத்தில் பெரும்பகுதி மாத வருமானம் தரும் இடத்தில் இருக்கவேண்டும் என்பதே எமது தாழ்மையான அபிப்பிராயம். வட்டியை ஏற்போருக்கு உரிமம் பெற்ற வங்கிகளின் நிலையான வைப்பும் திறைசேரி உண்டியல்களும் உள்ளன. ஏலாதோருக்கு 2011 இல் தொழிற்படத் தொடங்கிய அமானா வங்கியும் ஏனைய வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகளும் இலாபப் பகிர்வு அடிப்படையிலான வைப்புகளை வைத்திருக்கின்றன. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி 2021 முதல் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை உண்டு. ஆகவே 50 இலட்சத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பிரித்து வைப்பது நன்று. 2008 டிசெம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது வைப்பாளர்களின் 26 பில்லியன் ரூபா அளவிலான பணம் முடங்கியது. அந்தப் பணத்தை ஏற்ற நிறுவனம் உரிமம் பெற்ற வங்கியாக இருக்கவில்லை. பெயரில் தங்கம் இருந்தது. சாவி மட்டும் வைப்பாளரிடம் இல்லை.

தங்கம் ஐந்தில் ஒரு பங்கு அளவில், நாணயமாக, பற்றுச்சீட்டோடு இருக்கட்டும். அது மாதச் செலவுக்கன்று. 2022 போன்ற இன்னொரு வருடத்துக்கும், நெஞ்சுவலி வந்து தனியார் வைத்தியசாலைக்கு ஓடவேண்டிய இரவுக்கும் உரியது. வீட்டில் மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ அது எங்கே இருக்கின்றது, எத்தனை பவுண் என்பது தெரிந்திருக்கவும் வேண்டும். குடும்பத் தலைவரின் மரணத்தோடு வங்கிப் பெட்டகத்தின் இலக்கமும் மறைந்துபோன வீடுகள் கொழும்பில் குறைவல்ல.

சுரங்கம் என்று எவராவது வீடு தேடிவந்தால் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பங்கு கொழும்புச் சந்தையில் பதிவானதா, அல்லவா? வெளிநாட்டுப் பங்கு என்றால் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு அமைய எந்த வங்கியூடாகப் பணம் போகின்றது? ஒரு தனிநபரின் கணக்கில் இடச் சொல்கின்றார்களா? மாதாந்தம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்கின்றார்களா? தோண்டாத குழியிலிருந்து மாதாந்த வருமானம் எப்படி வரும்? 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் கனிப்பொருட்கள் சட்டத்தின்படி ஆராய்ச்சிக்கான உரிமம் வேறு, அகழ்வதற்கான உரிமம் வேறு. ஆராய்ச்சி உரிமத்தைக் காட்டிச் சுரங்கமே திறந்துவிட்டதாகப் பேசுவோர் உளர். கையில் தந்த பிரதியில் இருப்பது எந்த உரிமம் என்பதைப் பிட்டகோட்டேயில் உள்ள புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் தலைமை அலுவலகத்தில் விசாரித்து அறியலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து போவதாயினும் ஒரு முற்பகல் போதும்.